இன்றிரவுக்காரர்

தெருவில் ஒரு நாய் சினையாக இருக்கிறது என்ற செய்தி பரவிய மூன்றாம் நாளே அதன் ஈற்றுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளும் மனிதரை, அவர் மாலைதோறும் ஓதும் சொல்லைக் கொண்டே ‘இன்றிரவுக்காரர்’ என்று வகைப்படுத்தலாம். நாய் அவருடையதன்று, நாய் படுத்திருக்கும் மாடிப்படிக்கு அடியிடமும் அவருடையதன்று, குட்டி பிறக்கும் நேரம் மட்டும் அவருடையது. மார்கழிப் பனிக்குக் குரங்குக் குல்லாயும் கையில் டார்ச் விளக்குமாக ஏழு மணியளவில் வந்து குந்தி, வயிற்றை இருபுறமும் வெளிச்சமிட்டுப் பார்த்து, இரண்டு முறை உச்சுக்கொட்டிவிட்டு, “இன்னைக்கு ராத்திரி தாண்டாது” என்று அவர் அறிவிப்பார். இவ்வகையினர் அனைவரும் ஓய்வுபெற்ற எழுத்தர்கள் என்றோ, வலக்கையில் எச்.எம்.டி. கடிகாரம் கட்டியிருப்பர் என்றோ பொதுப்படச் சொல்லப் போதிய சான்று இல்லை, ஆயினும் கட்டியிருப்பர்.

‘தாண்டாது’ என்னும் சொல் சற்று விளக்கம் வேண்டுவது. தமிழ் வழக்கில் இது பிறப்புக்கும் இறப்புக்கும் பொது. பேறுகாலப் பெண்ணைக் குறித்தும், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரைக் குறித்தும் ஒரே தலையசைப்போடு சொல்லப்படுவது. இன்றிரவுக்காரர் இவ்விரு துறைகளிலும் புலமை வாய்ந்தவர். கோடி வீட்டுத் தாத்தாவைக் குறித்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் இதே தீர்ப்பை அவர் வழங்கியதும், அதை நம்பி வெளியூரிலிருந்த மகன்கள் இரவுப் பேருந்தேறி வந்து சேர்ந்ததும், “என்னடா, சொல்லாம கொள்ளாம” என்று தாத்தா அவர்களை வரவேற்றதும், இன்றிரவுக்காரர் ஒருவரைத் தவிரத் தெருவார் அனைவருக்கும் நினைவில் இருப்பவை.

அவருடைய கணிப்புக்கு அடித்தளம் அறுபத்துமூன்று என்னும் எண். நாயின் சினைக்காலம் 63 நாள் என்பதை நாயன்மார் எண்ணிக்கையோடு சேர்த்து அவர் மனத்தில் இருத்தியிருக்கிறார். அந்த ஒப்புமையை அவர் உரக்கச் சொல்லும்போதெல்லாம் மாடிப்படி வீட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். எண்ணில் பிழையில்லை; எண்ணத் தொடங்கும் நாளில்தான் பிழை. முட்டை சூலகத்திலிருந்து வெளிப்படும் நாளிலிருந்து எண்ணினால்தான் 63 ஏறத்தாழச் சரியாக வரும். அந்த நாளைக் குருதிச் சோதனை கொண்டே அறிய இயலும். பெண்நாய் பல நாள் தொடர்ந்து இணைசேர இடங்கொடுக்கும் என்பதாலும், ஆணின் விந்தணு அதன் உடலுக்குள் சில நாள் உயிரோடு காத்திருக்க வல்லது என்பதாலும், இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிறவருக்கு ஈற்று 58 நாளிலும் வரலாம், 70 நாளிலும் வரலாம். இன்றிரவுக்காரரோ ஐப்பசி மழையில் மளிகைக் கடைத் தாழ்வாரத்தில் தாம் நேரில் கண்ட ஒரு காட்சியையே முதல் நாளாகக் கொண்டு, வீட்டு நாட்காட்டியில் அறுபத்துமூன்றாம் நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருப்பவர். தாம் காணாத நாள்களிலும் நாய்களுக்கு வாழ்க்கை உண்டு என்பது அவர் கணக்கில் வராது.

வட்டமிட்ட நாள் கடந்ததும் வேறொருவர் வாயடைத்துப் போவார். இவருக்கோ அன்றுதான் வாய் திறக்கும். அதன்பின் ஒவ்வோர் இரவும் ‘இன்றிரவு’தான். “அண்ணே, நேத்தும் இதையேதான் சொன்னீங்க” என்று மாடிப்படி வீட்டு அம்மாள் நினைவூட்டினால், “நேத்து வேற, இன்னைக்கு வேறம்மா” என்று மெய்யியல் ஆழமுள்ள விடை வருகிறது. நாய் சோற்றைத் தொடவில்லையென்றால் வலி கண்டுவிட்டது என்று பொருள். தட்டை நக்கி முடித்தால், வரப்போகும் வலிக்குத் தெம்பு சேர்க்கிறது என்று பொருள். படுத்தே கிடந்தால் நேரம் நெருங்கி அடங்கிவிட்டது. எழுந்து நடந்தால் இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனைக்குப் போய் மீன்காரியின் கூடையை மோப்பம் பிடித்துத் திரும்பினால், குட்டி போடுவதற்கு ஒதுக்கிடம் தேடுகிறது. பனியில் நாய் நடுங்குகிறதே என்று எவரேனும் சொன்னால், குல்லாய்க்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே, “அது குளிர் நடுக்கம் இல்ல, பிரசவ நடுக்கம்” என்று அவர் திருத்துவார்.

இவற்றுள் பலவும் மெய்யான அறிகுறிகளே என்பதுதான் இதில் சங்கடம். ஈற்றின் முதற்கட்டம், அதாவது கருப்பை வாய் மெல்லத் திறந்துகொள்ளும் கட்டம், வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம் நீடிப்பது. முதல் ஈற்றுக்காரிக்கு ஒரு நாளைக் கடந்தும் இழுக்கலாம். அப்போது நாய் இரைக்கும், நடுங்கும், கிடைத்த சாக்கையும் துணியையும் காலால் பறண்டிப் படுக்கை கூட்டும், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தீனியை மறுக்கும். ஆனால் படுக்கை கூட்டும் வேலையைச் சில நாய்கள் பல நாள் முன்னதாகவே தொடங்கிவிடும். காம்பில் பால் இறங்குவதும் அப்படியே: அனுபவப்பட்ட தாய்க்கு அது ஒரு வாரம் முன்பே நேரலாம், புதியவளுக்குக் குட்டி பிறக்கும் வேளையில்தான் நேரலாம். ஒவ்வொன்றும் தனித்து நின்றால் சாட்சியாகாது. எல்லாம் ஒருசேர வந்து மணிக்கு மணி கூடினால்தான் பொருட்டு. இன்றிரவுக்காரருக்கோ ஒரு சாட்சியே போதும். அந்தச் சாட்சி உறங்கிக்கொண்டிருந்தாலும் போதும்.

இவற்றைவிட நம்பத்தக்கது உடல்வெப்பம். நாய்க்கு இயல்பான வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 பாரன்ஹீட், மனிதருக்கு அது காய்ச்சல். சினையைத் தாங்கிவந்த புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் ஈற்றை ஒட்டிக் குறையும்போது வெப்பமும் 99க்குக் கீழே சரியும். சரிந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வலி தொடங்கிவிடும். இந்தச் சரிவு சில மணி நேரத்தில் கடந்துவிடக் கூடியது. ஆகவே கடைசி வாரம் முழுவதும் நாளுக்கு இருமுறையேனும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்து வருபவருக்கே அது பிடிபடும். இன்றிரவுக்காரர் இதையும் கேள்விப்பட்டிருந்தார். முதலில் சில நாள், குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் நாயின் காதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புரைத்தார். பின்னர் ஒரு மாலை, வீட்டிலிருந்து மெய்யாகவே ஒரு வெப்பமானி கொண்டுவந்து வைத்து, 101.4 என்று படித்து, “காய்ச்சல் அடிக்குது, இன்னைக்கு ராத்திரி தாண்டாது” என்றார். மறுநாள் அது 101 காட்டியபோது, “பாத்தீங்களா, இறங்கிருச்சு, இன்னைக்கு ராத்திரி தாண்டாது” என்றார். அந்த வெப்பமானி பிறகு எந்த வீட்டு மருந்துப் பெட்டிக்குத் திரும்பிச் சென்றது என்பதை எழுதாமல் விடுவது அக்கம்பக்கத்து அமைதிக்கு நல்லது.

அவருடைய பிற பழக்கங்கள் சில்லறையானவை. பிறவாத குட்டிகளில் கடுவன் இரண்டை உறவினருக்கு வாக்களித்துவிட்டார்; வெந்நீர் தயாராக இருக்கட்டும் என்று தினமும் சொல்கிறார்; அது எதற்கு என்று கேட்டவருக்கு எந்தத் திரைப்படத்திலும் போலவே இங்கும் விடை கிடைக்கவில்லை.

வெறுப்பு எதுவும் இல்லாமல் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. சினைநாய் தேடுவது இருட்டும் தனிமையும். முகத்தில் விளக்கடித்துக்கொண்டு நான்கு பேர் சுற்றி நின்றால், தொடங்கிய வலிகூடச் சில மணி நேரம் பின்வாங்கக்கூடும். ஆகவே நேரங்குறிப்பவரே நேரத்தைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போன நேரத்தை மறுபடியும் குறிக்க மறுநாளும் வருகிறார். அது போகட்டும். பதினொன்றாம் இரவு பத்தேகால் மணிக்கு முதல் குட்டி மெய்யாகவே வந்து விழுந்தபோது அவர் செய்தது என்ன? “சொன்னேன்ல” என்றார், வீடு வீடாகக் கதவைத் தட்டி மீண்டும் சொன்னார், சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பத்து இரவுகள் காவல் தேவையில்லாதபோது காவலிருந்தவர், காவல் தேவைப்பட்ட ஓர் இரவில் குறட்டை விட்டார். கண்விழிக்க வேண்டிய நேரம் அதன்பின்தான் தொடங்குகிறது: நாய் அரைமணி நேரம் விடாது முக்கியும் குட்டி வரவில்லையென்றாலோ, இரண்டு குட்டிகளுக்கிடையே இரண்டு மணி நேரத்துக்குமேல் போய்விட்டாலோ மருத்துவரை எழுப்பியாக வேண்டும். முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் கசிந்தால், நஞ்சுக்கொடி, அதாவது குட்டிக்கு உணவும் காற்றும் ஊட்டும் உறுப்பு, கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. இவற்றுள் ஒன்றையும் அவர் பத்து இரவுகளில் ஒருமுறைகூட எவருக்கும் சொல்லவில்லை. தொலைபேசியில் மருத்துவர் சொல்லக் கேட்டு, பழைய துண்டால் குட்டிகளைத் துடைத்து, விடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவரால் ஏற்கெனவே பத்து இரவு தூக்கம் கெட்டிருந்த வீட்டு அம்மாள்தான்.

ஆயினும் நாய் குட்டி போட்ட துணி எது என்று பார்த்தால், அது அவருடைய வேட்டி. ஆறாம் இரவோ ஏழாம் இரவோ, தரை சில்லிடுகிறது என்று நான்காக மடித்துக் கொண்டுவந்து, மனைவிக்குத் தெரியாது என்ற எச்சரிக்கையோடு படிக்கு அடியில் விரித்துவிட்டுப் போயிருந்தார். வீட்டார் போட்ட சாக்கு, அட்டைப்பெட்டி, கிழிந்த போர்வை எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்த வேட்டியின் மீதுதான் நாய் படுத்தது.

மறுநாள் காலை வெயில் ஏறியபின் அவர் வந்து, ஐந்து குட்டி என்று எண்ணி, “அவ்வளவுதான், முடிஞ்சுது” என்று முடித்துவைத்தார். கைத்தடியோடு பின்னால் வந்து நின்றிருந்த கோடி வீட்டுத் தாத்தா நாயின் வயிற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இன்னும் ஒண்ணு கெடக்குடா” என்றார். அரைமணி நேரத்தில் அது வந்தது.