மலையேறிய ஓ.டி.பி.

இந்த இதழில் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வாசகர்களின் கேள்விகள் மட்டும். கல்வராயன் மலையிலிருந்து வந்தவை எல்லாம் தபாலில்தான் வந்தன. மெயில் கிளம்புவதற்குள் தபால்காரர் இறங்கிவிடுகிறார் போலிருக்கிறது.

கே: பேங்க் ஓ.டி.பி. வந்து சேருறதுக்குள்ள அதோட நேரம் முடிஞ்சு போகுது. பாறை மேல ஏறி நின்னாத்தான் சிக்னல். இதுக்கு விமோசனமே கிடையாதா?
— வாசகர், வெள்ளிமலை

ப: நீங்கள் பாறை ஏறுகிறீர்கள், அதற்குள் ஓ.டி.பி. மலையேறிவிடுகிறது! ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் போட்ட விதிப்படி, 2026 ஏப்ரல் 1 முதல் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண்தான் வேண்டும் என்றில்லை. கைரேகை, ஆப்புக்குள்ளேயே உருவாகும் எண் என்று வேறு வழிகளையும் வங்கிகள் வைக்கலாம். வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதால், உங்கள் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். ஓ.டி.பி.க்கு எத்தனை நிமிடம் என்று முடிவு செய்கிறவர் டவருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு நிமிடமே தாராளம்.

கே: நூறு நாள் வேலைக்குப் போனா ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோ. நெட் இல்லன்னா 'படம் ஏறல'ங்கிறாங்க. நாங்க மண்ணு வெட்டுனது அவங்களுக்குத் தெரியலயா?
— வாசகி, கல்வராயன் மலை

ப: மண் வெட்டியது தெரியாதம்மா, படம் ஏறியது மட்டும்தான் தெரியும். என்.எம்.எம்.எஸ். என்ற அந்த ஆப் வந்தது 2021 மே மாதம். 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். நெட் இல்லாத இடத்தில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கிடைக்கும் இடத்துக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் உண்டு. ஆனால் அந்த இடத்தைத் தேடிப் போகிறவர் ஒருவர். படம் ஏறாவிட்டால் கூலி இழப்பவர் இன்னொருவர்.

வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எடுப்பதைத் தடுக்கத்தான் ஆப் என்றார்கள். அந்தத் திருட்டு பொய்யில்லை, தடுக்க வேண்டியதுதான். தடுத்ததா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், பட்டியலில் இருக்கும் ஆண் பெண் கணக்கும் படத்தில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை. இதற்கு அமைச்சகம் எழுதித் தந்த மருந்து என்ன தெரியுமா? ஏறிய படங்களை ஊராட்சியில் ஆள் வைத்துப் பார்த்துச் சரிபார்ப்பது! மனிதரை நம்ப முடியாது என்று ஆப் வந்தது; ஆப்பை நம்ப முடியாது என்று மனிதர் திரும்பி வந்தார். போட்டோவுக்காக வெயிலில் நின்றவர்கள் இரண்டு முறையும் நீங்கள்தான்.

2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியிருக்கிறது. கைரேகைச் சரிபார்ப்பையும் செயற்கை நுண்ணறிவையும் சட்டத்துக்குள்ளேயே எழுதியும் வைத்திருக்கிறது. இதுவரை சுற்றறிக்கையோடு மல்லுக்கட்டினீர்கள், இனிமேல் சட்டத்தோடு. என் யோசனை ஒன்றுதான்: கையெழுத்துப் போட்ட காகித வருகைப் பதிவும் கூடவே இருக்க வேண்டும், படம் ஏறாத நாளில் அதுவே செல்லும் என்று கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். கிராம சபை கூடுவதற்கு நெட் தேவையில்லை.

கே: எங்க ஊருக்கு டவர் எப்ப வரும் சார்?
— மாணவர், கரியாலூர் பக்கம்

ப: மலையின் சரித்திரத்தை வைத்துக் கணக்குப் போடலாம் தம்பி. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948. கல்வராயனில் ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசு மலையை எடுத்துக்கொண்டது 1976. ஆக, சமவெளிக்கும் மலைக்கும் 28 வருட வித்தியாசம். இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது 1995. கூட்டினால் 2023. ஆகவே டவர் உங்களுக்கு எப்போதோ வந்தாகிவிட்டது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

விளையாட்டை விடுங்கள். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய் என்று ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. வேலை பி.எஸ்.என்.எல். கையில். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா, இருந்தால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். எந்த ரீசார்ஜைவிடவும் மலிவு.

கே: அம்மா கையில பட்டன் போன். பேசறதோட சரி. டேட்டாவோட சேர்த்துத்தான் ரீசார்ஜ்னு கடையில சொல்றாங்களே?
— வாசகி, தியாகதுருகம்

ப: 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. போட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், ஒருவரும் பின்தங்கிவிடக் கூடாது! அந்த வருடம் டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்று விதி போட்டது. கொடுத்தார்கள். டேட்டாவை எடுத்துவிட்டார்கள், விலையை எடுக்க மறந்துவிட்டார்கள். 'பரிசீலிக்கிறோம்' என்று டிராய் தொண்டையைச் செருமியதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

எனவே பேக் இருக்கிறது. 'வாய்ஸ் மட்டும்' என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். 28 நாளை மாதம் என்று சொல்லி வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் ஆக்கியவர்கள் இவர்கள். 30 நாள் பேக் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று 2022-லேயே டிராய் சொல்லிவிட்டது. அதையும் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கே: மரவள்ளி உரிச்சு உரிச்சு கையில ரேகையே தேஞ்சுபோச்சு. ரேஷன் மிஷினு என்னைய நான் இல்லங்குது.
— வாசகி, சின்னசேலம்

ப: அது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், நீங்கள் நீங்கள்தான் அம்மா. கருவிழி பார்க்கும் மிஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் மக்கர் பண்ணினால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரச் சொல்லுங்கள். ரேகை பொருந்தாத காரணத்துக்காக யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது என்று அரசு கொடுத்த உறுதிமொழியை, 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, மிஷின் சின்னசேலத்தில் இருக்கிறது. இடையில் உள்ள தூரத்தைத்தான் நீங்கள் நடக்கிறீர்கள்.

வீட்டில் தள்ளாத வயதுக்காரர்கள் மட்டுமே இருந்தால், 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் அரிசி வாசலுக்கே வரும். அதே மிஷினும் கூடவே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கே: கிண்டில்ல காசு கொடுத்து வாங்கின புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுக்க முடியலையே?
— வாசகர், திருக்கோவிலூர்

ப: நீங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, படித்துக்கொள்ள ஓர் அனுமதி. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய ஒரு நாவலை அவர்களின் கருவிகளுக்குள் புகுந்தே அமேசான் அழித்தது. அது எந்த நாவல்? ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. எங்கிருந்தோ கண்காணித்து எழுத்தை அழிக்கும் அரசாங்கத்தைப் பற்றிய கதை! காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வாங்கியதைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26-ல் மூடிவிட்டார்கள். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராமல் இருக்கும் உரிமை தம்பிகளுக்குத் தொன்றுதொட்டு உண்டு. அதையும் பறித்துவிட்டார்கள்.

கே: மைக்ரோசாப்ட் நினைச்சா எங்க சர்க்கரை ஆலையை நிறுத்திட முடியுமா?
— கரும்பு விவசாயி, மூங்கில்துறைப்பட்டு

ப: அரவையை நிறுத்த முடியாது, அலுவலகத்தை நிறுத்தலாம். 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு அதுதான் நடந்தது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட்டுக்கு அதில் 49 சதவீதப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோசாப்ட், இந்தியாவில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கு மெயிலை நிறுத்தியது. காசு கட்டி வாங்கிய சேவை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில நாளில் மெயில் திரும்பியது. நீதிமன்றத்துக்குப் போக வசதியுள்ள பெரிய கம்பெனி அது. கிளவுடில் கணக்கு வைத்திருக்கும் சின்னசேலத்து சேகோ ஆலை என்ன செய்யும்? கணக்குகளின் நகல் ஒன்று எப்போதும் தன் மேஜை டிராயரில் இருக்கட்டும்.

கரும்புப் பணம் தாமதமாவதைக் கேட்கிறீர்கள் என்றால், அதற்குத் தமிழ்நாட்டில் எப்போதும் மைக்ரோசாப்ட்டின் உதவி தேவைப்பட்டதில்லை.

கே: நான் மரச்சிற்பி. ஏ.ஐ. வரைஞ்ச சாமி படத்தைக் கொண்டாந்து 'இதே மாதிரி செதுக்குங்க'ங்கிறார் ஒருத்தர். செய்யலாமா?
— வாசகர், கள்ளக்குறிச்சி

ப: முதலில் கைகளை எண்ணுங்கள், பிறகு விரல்களை. கூடுதலாக இருந்தால் கூலியையும் கூட்டிச் சொல்லுங்கள்.

அந்தப் படம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் போட்டது. உங்கள் பட்டறைக்கு வந்தவர் எடுத்துப் போட்ட படமும் அதில் இருந்திருக்கலாம். கேட்டால் எந்தக் கம்பெனியும் சொல்லாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயருக்குத்தான் காவல். வேறு ஊரில் செய்ததை உங்கள் ஊர்ப் பெயரில் விற்கக் கூடாது, அவ்வளவே. மூக்கின் வளைவையும் மாலையின் மடிப்பையும் கண்ணால் பார்த்துத் திருடினால் குறியீடு கேட்காது.

இப்படித் தன் செய்திகளை எடுத்துக்கொண்டதாக ஓப்பன் ஏ.ஐ. மீது ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2025 டிசம்பரில் ஒன்றிய அரசின் குழு ஒன்று, ஏ.ஐ. கம்பெனிகள் எல்லாப் படைப்பையும் பயன்படுத்திக்கொள்ளட்டும், ஆனால் ராயல்டி கட்ட வேண்டும் என்று யோசனை சொன்னது. மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு அந்த யோசனையில் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. தரமாட்டேன் என்று சொல்ல முடியாதவனுக்குக் கொடுக்கும் காசுக்குப் பெயர் விலையா?

கே: வாட்ஸப்பை விட்டு 'அரட்டை'க்கு மாறிட்டேன். சொந்தக்காரங்க ஒருத்தரும் வரல.
— வாசகர், சங்கராபுரம்

ப: மாறியதன் முதல் பலனே அதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். ஜோஹோ 2021-ல் வெளியிட்ட ஆப், 2025 செப்டம்பரில் திடீரென்று ஊரெல்லாம் ஏறியது. நம்மவர் செய்தது என்பதில் எனக்கும் பெருமை. ஆனால் கூட்டம் வந்த அந்த நேரத்தில், பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி பூட்டும் வசதி அதில் அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வாட்ஸப்பில் அது 2016 முதல் உண்டு. அதற்காக வாட்ஸப்பும் உத்தமர் இல்லை: 2021-ல் 'ஒப்புக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ' என்று நிபந்தனை போட்டதற்காக அதன் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்குப் போட்டி ஆணையம் 213.14 கோடி அபராதம் போட்டது.

உண்மையான தீர்வு, நீங்கள் அரட்டையில் இருந்துகொண்டே வாட்ஸப்பில் இருக்கும் சித்தப்பாவுக்குச் செய்தி அனுப்புவது. ஏர்டெல்லிலிருந்து பி.எஸ்.என்.எல்.லுக்குப் பேசவில்லையா? ஐரோப்பாவில் அதற்கு வழி திறக்கச் சொல்லி சட்டமே இருக்கிறது. இங்கே கேட்க ஆள் இல்லை.

கே: சஞ்சார் சாத்தி ஆப் நல்லதா, கெட்டதா?
— வாசகர், உளுந்தூர்பேட்டை

ப: போன் தொலைந்தவர் தானே இறக்கிக்கொண்டால் நல்லது. 2025 நவம்பர் 28-ல், புதுப் போன்களில் எல்லாம் அதை ஏற்றியே விற்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் உத்தரவு. டிசம்பர் 3-ல் வாபஸ். இடையில் உங்களைப் போன்றவர்கள் சத்தம் போட்டார்கள். சத்தம் நல்லது.

கே: லோன் ஆப் ஒன்று என் போனில் இருக்கும் நம்பரையெல்லாம் கேட்கிறது. கொடுக்கலாமா?
— வாசகர், கச்சிராயபாளையம்

ப: கூடவே கூடாது. கடன் ஆப்கள் உங்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கேட்கிறது என்றாலே கள்ளன். பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

கே: ஒரே ஒரு ஆப்பை அழிக்கிற அதிகாரம் உங்களுக்குக் கொடுத்தா, எதை அழிப்பீங்க?
— மாணவி, கள்ளக்குறிச்சி

ப: போன் வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருக்கும், நான் ஒருநாளும் திறக்காத அந்த கூகுள் ஆப்பை. அழிக்க விட வேண்டும் என்று போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு உத்தரவு போட்டது, 1,337.76 கோடி அபராதத்தோடு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அழிக்க விட வேண்டும் என்ற வரியையும் அழித்துவிட்டது.