நிமிடத்துக்கு நூறாண்டு விற்போர் சமூகத்துக்கு

இலண்டனிலிருந்து புறப்பட்டு விண்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச், பாத் நகரம் ஆகிய மூன்றையும் ஒரே பகலில் காட்டி, இருட்டியபின் பயணிகளில் பெரும்பாலோரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் சுற்றுலாப் பேருந்து நிறுவனத்தாரின் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படும் திறந்த விண்ணப்பம்.

காலத்தை அளக்க நாள், திங்கள், ஆண்டு எனப் பல அலகுகள் மனிதகுலத்திடம் இருந்தபோதிலும், ஒரு நிமிடத்துக்கு எத்தனை ஆண்டு என்னும் மாற்று விகிதத்தைக் கண்டறிந்து அதையே பயணத்திட்டமாக அச்சிட்டு வெளியிட்ட பெருமை நிறுவனத்தாரையே சாரும். ஸ்டோன்ஹெஞ்சின் முதல் வட்ட அகழி வெட்டப்பட்டு ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. பயணத்திட்டம் அதற்கு ஒதுக்கியிருப்பது 50 நிமிடம். ஆகவே நிமிடத்துக்கு நூறாண்டு. 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் எழுப்பத் தொடங்கிய விண்ட்சர் கோட்டைக்கு வயது சுமார் 950, ஒதுக்கீடு 60 நிமிடம்; அங்கே நிமிடத்துக்குப் பதினாறு ஆண்டுகூடத் தேறவில்லை. உரோமானியர் முதல் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பாத் நீராடுதுறைக்கு 65 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய முப்பதாண்டு. அரச குடும்பம் இன்றும் வந்து தங்கும் இடத்தின் ஆண்டுகள் விலை கூடியவை என்பதும், உரிமை கோர ஆளில்லாத கற்காலத்தின் ஆண்டுகள் மலிவானவை என்பதும் இக்கணக்கிலிருந்து பெறப்படுகின்றன.

கூட்டமாக அழைத்துச் சென்று இடம் காட்டும் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் 1841 ஜூலை 5ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். அன்று தாமஸ் குக் என்பவர் ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். போகவர ஒரு ஷில்லிங் கட்டணம். போகவும் வரவும் சேர்த்தே கட்டணம் வாங்கும் அந்தப் பழைய வழக்கத்தை நிறுவனத்தார் இன்றளவும் கைவிடவில்லை. வரவை மட்டும் கைவிட்டிருக்கிறார்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமைப் பயணத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். விண்ட்சர் கோட்டை வழக்கமாகச் செவ்வாயிலும் புதனிலும் பார்வையாளருக்குத் திறக்கப்படுவதில்லை. வாரத்தின் ஏழு நாளும் பயணச்சீட்டு விற்கும் நிறுவனத்தாருக்கு இது தெரியாதிருக்க வழியில்லை என்பதால், துண்டறிக்கையில் அச்சாகியிருந்த ‘விண்ட்சர் கோட்டை அனுபவம்’ என்பது கோட்டைக்கு வெளியே நிகழும் அனுபவம் என்றே பொருள் கொள்ள வேண்டும். எட்டாம் ஹென்றியும், 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும், 2022இல் மறைந்த இரண்டாம் எலிசபெத்தும் அடக்கம் செய்யப்பட்டுள்ள புனித ஜார்ஜ் தேவாலயம் மதிலுக்கு உள்ளே இருக்க, பயணிகள் மதிலுக்கு வெளியே நின்று, விலை கூடிய அந்த 950 ஆண்டுகளையும் ஒரு நினைவுப்பொருள் கடையில் செலவழித்து முடித்தார்கள்.

ஸ்டோன்ஹெஞ்சில் நிலைமை இதைவிடச் சிறப்பு. 2013இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் கற்களிலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், அங்கிருந்து இன்னொரு சிறு பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை பன்னிரண்டு நிமிடம் நீண்டதில் பயணிகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளை இழந்தார்கள். தேநீர் வாங்கப் போனவர் வெண்கலக் காலத்தைத் தவறவிட்டார். குழந்தைக்குச் சட்டை மாற்றிய தாய்க்கு இரும்புக் காலம் முழுவதும் போயிற்று. எஞ்சிய சில நூற்றாண்டுகளில், 1970களின் பிற்பகுதியிலிருந்து பொதுமக்களைக் கற்களுக்கு வெளியே நிறுத்திவைக்கும் கயிற்றருகே ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைத்தது. அந்தக் கற்களில் நீலக்கற்கள் எனப்படும் சிறியவை வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் கடந்து வந்தவை. பலிபீடக் கல் எனப்படுவதோ ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது என 2024இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றுள் தாமதமாக வந்த கல் எதற்கும் வட்டத்தில் இடம் மறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1915இல் இந்தக் கற்களை ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு வாங்கிய செசில் சப் என்பவர், ஆண்டுக்கு ஒரு பவுண்டும் சில்லறையும் என்ற நியாயமான விகிதத்தில் கிடைத்த சொத்தை மூன்றே ஆண்டுகளில் நாட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. வணிக நுணுக்கம் தெரியாத மனிதர்.

பாத் நகரில் நடந்ததே இவ்விண்ணப்பத்துக்குக் காரணம். அங்கே 46 பாகை வெப்பத்துடன் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டருக்கும் மேலான நீர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தடையின்றிச் சுரந்துகொண்டிருக்கிறது. ஆனால் பேருந்தில் இருக்கும் கழிப்பறை, அவசரத்துக்கு மட்டுமே என்னும் அறிவிப்புடன், எந்த அவசரத்துக்கும் திறக்கப்படாமல் பூட்டியே இருந்தது. எழுபதைக் கடந்த கணவனும் மனைவியும் நகரின் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்க நேர்ந்து, குறித்த நேரத்துக்கு ஆறு நிமிடம் பிந்தி வந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. பாத் விகிதப்படி ஆறு நிமிடம் என்பது நூற்றெண்பது ஆண்டு. தாமஸ் குக் முதல் நிறுவனத்தார் வரையிலான இத்தொழிலின் வரலாறு முழுவதும் அதற்குள் ஏறக்குறைய அடங்கிவிடும் என்பதால், அவ்வளவு காலம் காத்திருக்கும்படி எவரையும் கேட்பது முறையன்று. நீராடுதுறைக்குள் வெப்பமாக இருக்கும், கனத்த உடைகளை இருக்கையிலேயே விட்டுச் செல்லலாம் என்ற வழிகாட்டியின் அறிவுரையை நம்பியதால், அவர்களுடைய மேலங்கிகள் இரண்டும் மருந்துப் பையும் குறித்த நேரத்தில் இலண்டன் சென்றடைந்தன. நவம்பர் மாதத்து மாலையில் அவர்கள் கம்பளிச் சட்டையோடு ரயில் நிலையத்துக்கு நடந்து, அந்த நேரத்தில் கேட்ட முழுக் கட்டணத்தையும் கொடுத்துத் திரும்பினார்கள்.

நிறுவனத்தாரின் பதில் கடிதம் தனி இலக்கியம். விதிமுறைகளின்படி நேரந்தவறிய பயணிக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றும், ஓட்டுநரின் பணிநேரச் சட்டம் காத்திருக்க இடந்தரவில்லை என்றும், நல்லெண்ண அடையாளமாக அடுத்த பயணத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்றும், மேலங்கிகளை அஞ்சலில் அனுப்பக் கையாளுகைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. சட்டம் பற்றிய பகுதி மட்டும் சற்று விளக்கம் வேண்டுவது. நாலரை மணி நேரம் வண்டி ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிக்க வண்டியில் டேக்கோகிராஃப் என்னும் பதிவுக்கருவி உண்டு. ஓட்டுநரின் தூக்கத்தையும் பயணிகளின் உயிரையும் காக்கும் அந்த விதியைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஓட்டுநர் மீதும் இங்கே குற்றமில்லை. ஆனால் அன்று அந்தப் பேருந்து எம்4 நெடுஞ்சாலையின் ஓய்விடமொன்றில் அரை மணி நேரம் நின்றதையும், வழிகாட்டி அங்கே காப்பி அருந்தியதையும் உடன் பயணித்தோர் சொல்கிறார்கள்.

அரை மணி நேரம் நிற்க முடிந்தவர்களால் ஆறு நிமிடம் நிற்க முடியவில்லை. தலைகளை எண்ணியபோது இரண்டு குறைந்தது; வெறும் இருக்கைகளில் கிடந்த மேலங்கிகள் கண்ணில் பட்டன; கைப்பேசி எண் பதிவேட்டில் இருந்தது; ஒருவர்கூட அழைக்கவில்லை. வீங்கிய காலோடு ஒரு முதியவள் முன்பின் தெரியாத ஊரின் நடைபாதையில், இரவு மருந்தும் கையில் இல்லாமல் நடுங்கி நின்றதற்கு எந்த விதிமுறைப் பிரிவும் பதிலாகாது. அது கால ஒழுங்கு அன்று, ஈவிரக்கமற்ற செயல்; அதற்கு மேல் அவளுடைய மேலங்கியைத் திருப்பித் தர அவளிடமே காசு கேட்பது கொள்ளை.

உணர்ச்சி மேலிட்டதை நிறுவனத்தார் பெரிய மனதுடன் பொறுத்தருள்வார்களாக. மேலும், பாத் நகரில் மேலங்கியைப் பறிகொடுப்பது ஈராயிரம் ஆண்டு மரபுடையது என்பதையும், அதைப் பேணிக்காக்கும் பணியிலேயே நிறுவனத்தார் ஈடுபட்டிருக்கக் கூடும் என்பதையும் நினைந்து பார்க்க வேண்டும். 1979, 1980ஆம் ஆண்டுகளின் அகழாய்வில் அங்குள்ள புனித ஊற்றிலிருந்து சாபத் தகடுகள் எனப்படும் ஈயக் கலவைத் தகடுகள் ஏறத்தாழ 130 கிடைத்தன. நீராடப் போனவர்கள் கரையில் வைத்த மேலங்கி, குளியலாடை, கையுறை, காசு முதலியவை களவுபோனபோது, அவ்வூர்த் தெய்வமான சூலிஸும் உரோமானியரின் மினெர்வாவும் ஒன்றாக இணைந்த சூலிஸ் மினெர்வாவுக்குத் தகட்டில் மனு எழுதி, சுருட்டி, நீரில் எறிந்தார்கள். திருடன் யாரெனத் தெரியாததால், ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் சுதந்திரராயினும் எனச் சட்டநுணுக்கத்தோடு எல்லோரையும் உள்ளடக்கி எழுதுவதும், பொருளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்கு உறக்கம் கூடாது என்பது போன்ற வேண்டுதல்களைச் சேர்ப்பதும் அம்மனுக்களின் மரபு. தெய்வம் கையாளுகைக் கட்டணம் கேட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆகவே, மேலங்கிகளையும் மருந்துப் பையையும் கட்டணமின்றி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும், ரயில் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதும், பேருந்துக் கழிப்பறையின் சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நிறுவனத்தாரிடம் வேண்டப்படுகின்றன. இதற்கு ஏழு நாள் அவகாசம் அளிக்கப்படுகிறது. பாத் விகிதப்படி அது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் என்பதால் போதிய காலம் தரப்படவில்லை என்று முறையிட இடமில்லை. அதற்குள்ளும் பதில் வராவிடில் அடுத்த மனு சூலிஸ் மினெர்வாவின் பெயருக்கு ஈயத்தில் எழுதப்படும். அதில் ஆணாயினும் பெண்ணாயினும் என்னும் பகுதி தேவைப்படாது. எடுத்துச் சென்றவர்களின் பெயர் பேருந்தின் இருபுறமும் பின்புறமும் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதால், அது புறப்பட்டுப் போகும்போது பின்னால் நிற்பவர்களும் நன்றாகவே படித்துக்கொள்ள முடிகிறது.