சென்னைக்கு மிக அருகில், உண்மைக்குச் சற்றே தள்ளி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுடையது. மீதி, வீடு கிடைத்த பிறகு எழுதியவை. கோபம் இரண்டாவது ரகத்தில்தான் அதிகம்.

கேள்வி: ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். நடந்து பார்த்தால் இருபது நிமிடம் ஆகிறது. என் நடையில்தான் கோளாறா?
*(வாசகர், குரோம்பேட்டை)*

உங்கள் நடை சரிதான் சார். அந்த ஐந்து நிமிடம் யாருடையது என்று கேட்கத் தவறிவிட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, ஒன்வேயில் எதிர்த்திசையில் பைக் ஓட்டும் புரோக்கருடையது அது. அந்தக் காலத்தில் ‘கூப்பிடு தூரம்’ என்பார்கள். சீர்காழி கோவிந்தராஜன் கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று நாமே புரிந்துகொண்டோம். இப்போது நிமிடக் கணக்கு. கிலோமீட்டரில் சொன்னால் மாட்டிக்கொள்வோமே! திண்டிவனம் பக்கத்து மனையெல்லாம் வருடக்கணக்காக டிவியில் ‘சென்னைக்கு மிக அருகில்’தானே இருக்கிறது?

வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா என்று பாருங்கள். கேட் மூடியிருக்கும் நேரத்தை எந்த விளம்பரமும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: படத்தில் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நேரில் போனால், சோபாவைப் போட்டால் ஆள் நுழைய முடியாது போலிருக்கிறது. வேறு வீட்டுப் படத்தைப் போட்டுவிட்டார்களா?
*(வாசகி, மடிப்பாக்கம்)*

அதே வீடுதான் அம்மா. செல்போன் கேமராவில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அறையின் மூலையில் முதுகை ஒட்டவைத்து நின்றுகொண்டு அதை அழுத்தினால் பத்துக்குப் பத்து அறை தர்பார் மண்டபமாகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். படத்தின் ஓரத்தில் இருக்கும் பொருளைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு இழுபட்டிருக்கும். கதவு சாய்ந்து நிற்கும்.

இன்னொரு வழி, தரையில் டைல்ஸ் எண்ணுவது. இப்போது ஹாலில் போடும் டைல்ஸ் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி. கேமராவுக்கு டைல்ஸை நீட்டத் தெரியும், எண்ணிக்கையைக் கூட்டத் தெரியாது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஐந்து டைல்ஸ் என்றால் பத்தடி, அவ்வளவுதான்.

படத்தில் இல்லாததையும் பாருங்கள். எட்டுப் படத்தில் ஆறு ஹால் படம் என்றால் சமையலறையில் ஏதோ சங்கதி இருக்கிறது. எல்லாப் படத்திலும் பட்டப்பகலில் ஜன்னல் திரை மூடியிருந்தால், சங்கதி வெளியே இருக்கிறது.

கேள்வி: ‘ஓனர் டைரக்ட், புரோக்கர் தொல்லை இல்லை’ என்று போட்ட நம்பருக்குப் பேசினேன். எடுத்தவர் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்கிறார்.
*(வாசகர், அம்பத்தூர்)*

புரோக்கர் தொல்லை ஓனருக்கு இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: வேளச்சேரிப் பக்கம் ‘லேக் வியூ’ என்று ஒரு ஃபிளாட் வருகிறது. எங்கேயிருந்து பார்த்தாலும் ஏரியைக் காணோம்.
*(வாசகர், ஆதம்பாக்கம்)*

அவசரப்படாதீர்கள், நவம்பர் வரட்டும்.

ஏரியைப் பெயரில் மட்டும் வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக்தான் இல்லை. 1920-களில் அந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. ஏரியின் ஞாபகமாக ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மிஞ்சியது. நாம்தான் ஏரியை மறந்தோம், தண்ணீர் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அது பழைய விலாசத்துக்கே திரும்பி வந்ததை வேளச்சேரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஓனர் சொல்லமாட்டார்; கட்டடம் சொல்லும். தரைத்தளத்தில் கரண்ட் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேலே, ஸ்டூல் போட்டு ரீடிங் எடுக்கும் உயரத்தில் இருந்தால் அங்கே தண்ணீர் வந்து போயிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இரும்பு ஸ்டாண்டு மேலும், இன்வெர்ட்டர் பரண் மேலும் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். காம்பவுண்டு சுவரில் மட்டும் புது பெயின்ட், அதுவும் இடுப்பளவுக்கு மட்டும் என்றால், கறையை மறைத்திருக்கிறார்கள். வாசற்படி ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தால் சாதாரண மழைக்கே விருந்தாளி உண்டு. வாங்குவதாக இருந்தால், அந்தச் சர்வே நம்பர் பழைய வருவாய்த்துறை ஆவணத்தில் எப்படி இருந்தது என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே ‘ஏரி’ என்று இருந்தால், விளம்பரம் பொய் சொல்லவில்லை.

கேள்வி: மே மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டைப் பார்த்தோம். ஜில்லென்று காற்று. பிடித்துப்போய் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தோம். குடிவந்த மறுநாள் காலையிலிருந்து ஜன்னலைத் திறக்க முடியவில்லை, குப்பைமேட்டு வாடை. இது ஏமாற்று வேலை இல்லையா? கேஸ் போடலாமா?
*(வாசகர், பெருங்குடி)*

உங்களை ஏமாற்றியது ஓனர் பாதி, வங்காள விரிகுடா பாதி. கோடையில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். நீங்கள் மாடியில் நின்று ‘ஆஹா’ என்றபோது அந்தக் காற்று உங்கள் வாடையையெல்லாம் மேற்கே பள்ளிக்கரணைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே ஒருவர் உங்களுக்கும் சேர்த்து முகர்ந்துகொண்டிருந்தார். ராத்திரி கடற்காற்று அடங்கும். விடிகாலையில் மேற்கிலிருந்து வீசும். இப்போது முறை உங்களுடையது. ஓனர் நாலு மணிக்கு வரச்சொன்னது தற்செயல் என்று நம்புவது உங்கள் பெருந்தன்மை.

அந்த மேடு பல பத்தாண்டுக் குப்பை. கிளறிப் பிரித்து அப்புறப்படுத்தும் வேலை நடந்துவருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்துப் புகைந்ததைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதே வருடம் ஜூலையில்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் அறிவிக்கப்பட்டது. விளம்பரத்துக்கு இரண்டில் எது வரும் என்று சொல்லவேண்டுமா? பூநாரை வரும், புகை வராது. (வடசென்னையிலும் இதே கதைதான், அங்கே மேட்டின் பெயர் கொடுங்கையூர்.)

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சொத்தில் உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாகவேண்டும் என்கிறது 55-வது பிரிவு. குத்தகைக்கு விடுபவருக்கு 108-வது பிரிவில் ஏறக்குறைய இதே கடமை. படிக்க நன்றாக இருக்கிறதல்லவா? இரண்டு இடத்தில் சிக்கல். ஒன்று, குறை ‘சொத்தில்’ இருக்கவேண்டும். உங்கள் குறை ஒரு மைல் தள்ளி இருக்கிறது. இரண்டு, சாதாரணக் கவனம். ஊருக்கே தெரிந்த குப்பைமேட்டை நீங்கள் கவனிக்கவில்லை என்றால், மூக்கு எங்கே போயிற்று என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பாத்ரூம் ஒழுக்கை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தால் உங்கள் பக்கம் பலம் இருக்கும். சுவருக்கு உள்ளே இருக்கும் பொய்யைத்தான் சட்டம் ஓரளவு பிடிக்கிறது. சுவருக்கு வெளியே இருப்பதை உங்கள் மூக்கு, காது பொறுப்பில் விட்டுவிட்டது.

எனவே அடுத்த வீட்டை ஓனர் சொல்லும் நேரத்தில் மட்டும் பார்க்காதீர்கள். விடிகாலை ஒருமுறை, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, முடிந்தால் மழையில் ஒருமுறை. வீட்டுக்குள் போகக்கூட வேண்டாம், தெருவில் நின்றாலே போதும்.

கேள்வி: ஆயிரம் சதுர அடி என்று சொல்லி விற்றார்கள். டேப் பிடித்து அளந்தால் 720 வருகிறது. பாக்கி 280 எங்கே சார்?
*(வாசகர், பெருங்களத்தூர்)*

மாடிப்படியில் கொஞ்சம், லிஃப்டில் கொஞ்சம், வாட்ச்மேன் நாற்காலிக்குக் கீழே கொஞ்சம். இதற்கு ‘சூப்பர் பில்ட்-அப்’ என்று பெயர். சுவருக்கு உள்ளே நீங்கள் நிஜமாகவே புழங்கும் இடம்தான் கார்பெட் ஏரியா. 2016-இல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு இலக்கணமே எழுதிவைத்திருக்கிறது: வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி எதுவும் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச்சுவர் சேரும். ரெராவில் பதிவான கட்டடம் என்றால் விளம்பரத்தில் பதிவு எண் இருந்தாகவேண்டும். விளம்பரத்தையோ மாடல் ஃபிளாட்டையோ நம்பிப் பணம் கட்டி, அது பொய்யாகி நஷ்டப்பட்டால் பில்டர் ஈடு கட்டவேண்டும், விலகிக்கொள்கிறேன் என்றால் வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்கிறது 12-வது பிரிவு. ஆகவே அந்தக் கலர் நோட்டீஸைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், நீச்சல்குளம் போட்ட பக்கத்தை முக்கியமாக.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடம் என்றால் ரெரா பதிவு தேவையில்லை. நம் தெருக்களில் எட்டோடு நின்றுவிடும் அடுக்குமாடிகளுக்கு எட்டு ராசியான எண்ணோ என்னவோ.

போகிறபோக்கில் ஒன்று: மாடல் ஃபிளாட்டுக்குப் போனால் அந்தக் கட்டிலில் வெட்கப்படாமல் படுத்துப் பாருங்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கட்டில் அறைக்கு அளவெடுத்துச் செய்தது.

கேள்வி: எதிரே டாஸ்மாக் இருப்பதைச் சொல்லவே இல்லை. நான் போனது அக்டோபர் 2-ஆம் தேதி!
*(பெயர் வேண்டாம் என்றவர், ஓனரும் இந்தப் பத்திரிகைதான் படிக்கிறாராம்)*

காந்தி ஜயந்திக்கு வீடு காட்டிய ஓனர் சாதாரண ஆள் இல்லை.

கோவில், பள்ளிக்கூடம் இவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. ஆகவே கோவிலை ஒட்டி வீடு பாருங்கள். ஆனால் அங்கே மார்கழியில் விடிகாலை ஸ்பீக்கர் உண்டு. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருடத்து விதி சொல்கிறது; அந்த விதி ஸ்பீக்கர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: யாரைக் கேட்டாலும் ‘நல்ல ஏரியா சார்’ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையை யாரிடம் கேட்பது?
*(வாசகி, திருவான்மியூர்)*

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம். ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். எந்தப் போர்ஷனில் யார் எத்தனை மாதம் தங்கினார்கள், ஏன் போனார்கள், அட்வான்ஸ் முழுசாகத் திரும்பியதா, எல்லாம் அவருக்குத் தெரியும். கரியை ஊதிக்கொண்டே, “செகண்ட் ஃப்ளோரா... மூணாவது பார்ட்டி நீங்க” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால், மேலே எதுவும் கேட்கவேண்டாம், சட்டையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்து, கேன் தண்ணீர் போடும் பையன். லிஃப்ட் வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று அவன் தோளுக்குத் தெரியும்.

தண்ணீரைப் பற்றி யாரையுமே கேட்கவேண்டாம். பாத்ரூம் பக்கெட்டின் உள்விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால் போர் தண்ணீர் உப்பு. ‘24 மணி நேரமும் மெட்ரோ வாட்டர்’ என்று சொல்லும் வீட்டு வாசலில் டேங்கர் லாரி டயர் பதிந்த பள்ளம் இருந்தால், நேரம் மட்டும்தான் 24.

கேள்வி: வாடகை பாதிதான். அக்கம்பக்கத்தில் ‘அந்த வீட்டில் பேய்’ என்கிறார்கள். ஓனர் மூச்சுவிடவில்லை. சொல்லவேண்டிய கடமை இல்லையா?
*(வாசகர், பெரம்பூர்)*

நியூயார்க் மாநிலத்தில் நையாக் என்ற ஊரில் ஒரு அம்மாள் தன் வீட்டுப் பேய்களைப் பற்றிப் பத்திரிகையிலெல்லாம் எழுதிவிட்டு, வாங்க வந்தவரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வழக்கு மேலே போனது. ஊரெல்லாம் பேய் இருக்கிறது என்று சொன்னவர் இப்போது இல்லை என்று சொல்லமுடியாது, சட்டத்தின் பார்வையில் அந்த வீட்டில் பேய் இருக்கத்தான் செய்கிறது என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, வாங்க வந்தவர் ஒப்பந்தத்திலிருந்து விலக வழிவிட்டது. ஜப்பானில் அசம்பாவிதச் சாவு நடந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஏறக்குறைய மூன்று வருடம்வரை சொல்லவேண்டும் என்று 2021-இல் அரசே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வயதாகி இயற்கையாக இறந்தால் சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் பேய்க்கென்று பிரிவு எதுவும் இல்லை. உங்கள் ஓனரை நேராகவே கேளுங்கள். முகம் மாறினால் சங்கதி உண்டு. ஒன்றுமில்லை என்றால், அந்த வதந்தி சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வாடகையை ஏறவிடாமல் வைத்திருக்கிறது.

கேள்வி: நான் ஒரு ஹவுஸ் ஓனர். எங்களை மட்டுமே திட்டுகிறீர்கள். என் வீட்டுப் பின்புறம் மயானம். உள்ளதை எழுதினால் யார் வருவார்கள்? நீங்களே விளம்பரம் எழுதிக்கொடுங்கள் பார்ப்போம்.
*(ஹவுஸ் ஓனர், வியாசர்பாடி)*

தாராளமாக. ‘இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர். பின்னால் மயானம். அதனால் வாடகை இரண்டாயிரம் குறைவு. பின்பக்கத்தார் இரைச்சல் போடமாட்டார்கள், பார்க்கிங்குக்குச் சண்டைக்கு வரமாட்டார்கள், ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கமாட்டார்கள். அப்படிப் பார்த்தால் அட்வான்ஸ் வாபஸ்.’