பக்கத்து பெஞ்ச்

கே: தமிழ் மீடியத்தில் படித்தவள். வகுப்பில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசும்போது, 'இது நமக்கான இடமில்லையோ' என்று தோன்றுகிறது. (பொறியியல் மாணவி, தருமபுரி)

ப: முதலாண்டில் அப்படித் தோன்றாதவர்கள் குறைவு, வெளியே சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. 'இந்தத் தவிப்பு எங்களுக்கும் இருந்தது, போகப் போகச் சரியானது' என்று சீனியர்கள் சொன்னதை அமெரிக்காவில் வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் புது மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்கு ஏறுமுகமாக இருந்ததாக 2011-இல் எழுதினார்கள். உங்கள் ஊர்ப்பக்கத்து சீனியர் அக்காவிடம் இன்றே பேசுங்கள்.

கே: டவுட் கேட்டால் 'சீன் போடுறான்' என்று சிரிக்கிறார்களே?

ப: சிரிப்பு அரை நிமிஷம். அரியர் அரை வருஷம். கேளுங்கள்.

கே: தனியாகப் படிப்பது நல்லதா, கூடிப் படிப்பதா?

ப: 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸில் தோற்றார்கள். உழைப்பில் குறையில்லை, ஆளுக்கொரு மூலையில் தனியாகப் படித்ததுதான் குறை என்று கண்டார் அங்கே கணிதம் கற்பித்த யூரி ட்ரீஸ்மன். கடினமான கணக்குகளைச் சேர்ந்து போட வைத்தார், தேறினார்கள். முதலில் தனியாகப் போட்டுப் பாருங்கள், பிறகு கூடி உட்கார்ந்து வாதாடுங்கள்.

கே: 'கோட்டாவில் வந்தவள்' என்று என் வகுப்புத்தோழியைக் குத்திக்காட்டுகிறார்கள். (மருத்துவ மாணவி, மதுரை)

ப: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அதில் சேர்ந்தவரும் நீட் தேறித்தான் வந்தார். பல்கலைக்கழகத் தேர்விலும் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான். இதை உங்கள் தோழி சொன்னால் சண்டை. நீங்கள் சொன்னால் நியாயம். சொல்லுங்கள்.

கே: கேலி, கிண்டல் இல்லாமல் காலேஜா?

ப: இரண்டு பேரும் சிரித்தால் கேலி. ஒருவர் மட்டும் சிரித்தால் கொடுமை. ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் போட்டது. உதவி எண் 1800-180-5522.

கே: என் ரூம்மேட் புத்தகத்தையே தொடுவதில்லை. நானும் கெட்டுவிடுவேனோ?

ப: ரூம்மேட்டின் மதிப்பெண் நம் மதிப்பெண்ணையும் அசைக்கும் என்று அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவருக்கும் ஒரு ரூம்மேட் இருக்கிறார்: நீங்கள்.

கே: வகுப்பில் ஒருவன் தினமும் தனியாகவே சாப்பிடுகிறான். நான் என்ன செய்யலாம்?

ப: டிபன் பாக்ஸோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நாளைக்கும்.