அடிபட்டால் தொழிலாளி

தம்பி, மின்சாரத் துறையில் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர ஆணை வந்திருக்கிறதாமே. சந்தோஷம். போவதற்கு முன் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போ. அங்கே அதைப் படித்தவர் யாரும் இருக்க மாட்டார். நீயாவது படித்திரு.

அதில் 18ஆம் பிரிவு உன்னைப் பற்றியது. நீ பயிற்சி பெறுபவன், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் உனக்குப் பொருந்தா. ஆகவே குறைந்தபட்சக் கூலி, போனஸ், பணிக்கொடை போன்ற கெட்ட வார்த்தைகளை வாசலிலேயே விட்டுவிடு. அதற்காகச் சட்டம் ஈவிரக்கமற்றது என்று நினைக்காதே. 16ஆம் பிரிவுக்கு வா. பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால், 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியில் உனக்கு நட்டஈடு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது கைகால் நன்றாக இருக்கும்வரை நீ தொழிலாளி இல்லை. மின்கம்பம் உன்னை உதறிக் கீழே போட்ட நொடியில் பதவி உயர்வு! இவ்வளவு வேகமான புரமோஷன் அந்த இலாகாவில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

நான் அப்ரண்டிஸாக இருந்தது எந்த மாநிலம், எந்தக் கோட்டம் என்று கேட்காதே. எனக்குச் சான்றிதழ் முக்கியம்.

முதல் நாள் உதவிப் பொறியாளர் முன்னால் போய் நின்றேன். சிங்க்ரனஸ் மெஷின், ஃபால்ட் கணக்கு, ரிலே கோஆர்டினேஷன் எல்லாம் தலைக்குள் தளும்பிக்கொண்டிருந்தன. அவர் நிமிர்ந்து பார்த்து, "எக்செல் தெரியுமாப்பா?" என்றார். தெரியும் என்றேன். அத்தோடு என் பொறியியல் முடிந்தது. அதன் பிறகு பெயர் மாற்ற மனுக்கள், மீட்டர் மாற்றிய பட்டியல், மேலிடம் "உடனே" கேட்கும் விவரம், அதையே வேறு கட்டம் போட்டு மறுபடி "மிக உடனே" கேட்கும் விவரம். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையை அப்ரண்டிஸிடம் வாங்குவது குற்றம் என்கிறது 30ஆம் பிரிவு. முன்பு இதற்குச் சிறைத்தண்டனைகூட இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது சிறையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதற்காக எந்த அதிகாரியும் கம்பி எண்ணியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பாவம், ரொம்பப் பயந்துபோயிருப்பார்கள் போலிருக்கிறது.

கோடையில் ஃபீடர் டிரிப் ஆனால் அலுவலக போன் அலறும். அதை எடுக்கும் பாக்கியம் உனக்கே. "லைன்ல ஃபால்ட்டுங்க, ஆள் போயிருக்காங்க, அரை மணி நேரத்துல வந்துடும்." இதை மனப்பாடம் செய்துகொள். ஆள் யாரும் போயிருக்க மாட்டார்கள். போவதற்கு ஆள் இருந்தால் நீ எதற்கு அங்கே? காலியான இடங்களை வருடக்கணக்கில் நிரப்பாமல் வைத்துவிட்டு, அந்த நாற்காலிகளில் உன்னையும் என்னையும் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறார்கள். ஆள் எடுக்காதவர் ஏ.சி. அறையில் இருப்பார். ஊர்க்காரர்கள் போனில் உன் அம்மாவை விசாரிப்பார்கள்.

துணை மின்நிலையத்துக்கு அனுப்பினால் இலக்கியப் பயிற்சி. அங்கே லாக் ஷீட் என்று ஒன்று இருக்கும். மணிக்கு ஒருமுறை வோல்டேஜ், ஆம்பியர், டிரான்ஸ்பார்மரின் ஆயில் சூடு, வைண்டிங் சூடு எல்லாம் அதில் ஏற வேண்டும். விடியற்காலை நான்கு மணிச் சூட்டை நள்ளிரவிலேயே எழுதி வைக்கும் தீர்க்கதரிசிகளை அங்கேதான் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரின் பிரீதரில் இருக்கும் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் நீலத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறும், மாறினால் மாற்ற வேண்டும் என்று நாம் படித்தோம் அல்லவா? அங்கே ஜெல் ரோஜாவாகிப் பல மாதம் ஆகியிருக்கும். பதிவேட்டில் மட்டும் வாடாத நீலம். அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸுக்குக் கூடுதல் நேர வேலை கூடாது என்பது 15ஆம் பிரிவு. "இன்னைக்கு ஆபரேட்டர் வரல, நீ இருந்துக்கோ தம்பி" என்பது அதற்கு வழங்கும் உரை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். இன்ஜினீயர் அல்ல, ஃபோர்மேனும் அல்ல. பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒப்பந்தக்கூலியாக இருந்த ஓர் அண்ணன். மின்சாரத்தை நிறுத்தி லைன் கிளியர் வாங்கிய பிறகும் லைனை நம்பாதே, ஏ.பி. சுவிட்சின் மூன்று பிளேடும் பிரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார், டெஸ்டர் வைத்துப் பார், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போடாமல் கம்பியில் கை வைக்காதே, எவனோ ஒருவன் வீட்டு ஜெனரேட்டர் ரிவர்ஸில் ஊட்டிக் கொன்றுவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். இத்தனையும் சொல்லிவிட்டு, ரப்பர் செருப்போடு, வெறுங்கையோடு அவர் ஏறுவார். கையுறை பீரோவுக்குள் இருக்கும். சாவி ஸ்டோர்காரரிடம் இருக்கும். ஸ்டோர்காரர் விடுப்பில் இருப்பார். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தன்று மட்டும் பீரோ திறக்கும். ஹெல்மெட்டும் கையுறையும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்.

அந்த அண்ணனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் கம்பத்தில் இருக்கும்வரை "நம்ம ஆள்". கீழே விழுந்தால் "கான்ட்ராக்டர் ஆள்". கான்ட்ராக்டரைக் கேட்டால் "யாரு சார் அது?" ஒரு மனிதன் ஆறேழு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருவதற்குள் மூன்று முறை அநாதையாகிறான். கரண்ட் வந்ததும் வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொள்ளும் நாமும் இதில் ஒரு முறைக்குப் பொறுப்பு.

பணம் பற்றிக் கேட்டாய். 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று நிர்ணயித்தார்கள். அதிலும் பாதியை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பட்டதாரிக்கு 4,984 ரூபாய். ஐயாயிரம் என்று வைத்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பதினாறு ரூபாயைக் காப்பாற்றிய அந்த நிதி மேதைக்குச் சிலை வைக்க வேண்டும். சிலைக்கான தொகையும் நம் உதவித்தொகையைப் போல மூன்று மாதம் தாமதமாகவே வரட்டும்.

முடித்தால் வேலை உண்டா என்கிறாய். மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் பழைய 22ஆம் பிரிவு, வேலை தரவேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றது. வேலையை ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் உனக்கும் இல்லை என்று பெருந்தன்மையோடு சேர்த்துச் சொன்னது. 2014க்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் இதற்குத் தனிக் கொள்கை வகுக்க வேண்டும். நான் போய்க் கேட்டேன். "வகுத்துக்கிட்டிருக்கோம்" என்றார்கள். சான்றிதழைத் தனியார் கம்பெனிக்கு எடுத்துப் போனால், "இது டிரெய்னிங்தானே, எக்ஸ்பீரியன்ஸ் எங்கே?" என்பார்கள்.

கடைசி நாளில் நோ டியூ வாங்க ஸ்டோருக்குப் போவாய். அன்று மட்டும் ஸ்டோர்காரர் இருப்பார். பதிவேட்டைப் புரட்டி, "கையுறை ஒரு ஜோடி, பெற்றுக்கொண்டேன்" என்பதற்குக் கீழே உன் கையெழுத்தைக் காட்டுவார். சேர்ந்த அன்று நீட்டிய தாள்களில் அதுவும் ஒன்று. கையுறையைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் கடைசி மாத உதவித்தொகையில் பிடித்தம்.