மூலம் காணாத உரையாசிரியர்கள்: தேடுபொறித் தொழிலாரின் செய்தியும் சகவாசமும் குறித்த ஓர் ஆய்வு

தமிழ் உரை மரபில் மூலம் முந்தியது, உரை பிந்தியது. நூலாசிரியர் சூத்திரம் செய்து வைத்துப் போவார். காலம் கழித்து இளம்பூரணரோ நச்சினார்க்கினியரோ வந்து பொருள் விரிப்பார். உரைகள் தம்முள் முரண்பட்டால் வாசகர் மூலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யார் சொல்வது பொருந்துகிறது என்று தாமே பார்த்துக்கொள்ளலாம். மூலத்தை ஒருவரும் கண்டதில்லை, ஆயினும் உரைகள் மட்டும் நாள்தோறும் பெருகுகின்றன என்ற நிலை ஒரு துறைக்கு வாய்க்குமாயின், அத்துறையினர் எதைச் செய்தி என்பர், யாரை நம்புவர், யாரோடு காபி குடிப்பர் என்பது இதுகாறும் போதிய அளவு ஆராயப்படாத பொருளாகும். அத்தகைய துறை ஒன்று உண்டு. அதனை அறிஞர் தேடுபொறி உகப்பாக்கம் என்பர். அதில் சம்பளம் வாங்குவோர் எஸ்.இ.ஓ. என்பர்.

இத்தொழிலின் இலக்கணம் எளிது. ஒருவர் கூகுளில் 'திருமண மண்டபம்' என்றோ 'முழங்கால் வலி' என்றோ தட்டும்போது வந்து விழும் பட்டியலில் தம் கிளையன்ட்டின் பக்கம் முதல் பத்துக்குள் நிற்கும்படி செய்வதே தொழில். பட்டியலின் வரிசையைத் தீர்மானிக்கும் விதித்தொகுதிக்கு அல்காரிதம் என்று பெயர். அதை முழுமையாக வெளியிட்டால் மறுநாளே எல்லாரும் அதற்கேற்ப வேடம் கட்டிக்கொண்டு வந்து நிற்பர் என்பதால் கூகுள் அதை வெளியிடுவதில்லை. தொடக்கம் மட்டுமே ஒளிவுமறைவற்றது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல், ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, லிங்க் கொடுக்கும் பக்கங்களுக்கு வேறு யார் லிங்க் கொடுக்கின்றனர் என்ற கணக்கே அதன் மதிப்புக்கு அடிப்படை என்று பேஜ்ரேங்க் என்ற பெயரில் விளக்கினர். பெரியவர்கள் தெரியும் என்று சொல்பவனே பெரியவன் என்ற இக்கொள்கை, அக்கணக்கை வைத்துப் பிழைக்க வந்தவர்களின் சொந்த வாழ்க்கைக்கும் எழுத்துப் பிசகாமல் பொருந்திவந்தது என்பது கீழே நிறுவப்படும்.

தொடக்க காலத்துச் செய்தி மாதாந்தரமானது. 2003ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை கூகுள் தன் அட்டவணையை ஏறத்தாழ மாதம் ஒருமுறை புதுப்பித்தது. புதிய அட்டவணை எல்லாத் தரவு மையங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராததால், சில நாள்களுக்கு ஒரே கேள்விக்கு ஒரு சர்வர் ஒரு வரிசையையும் இன்னொன்று வேறு வரிசையையும் காட்டிக்கொண்டிருந்தன. இத்தள்ளாட்டத்துக்குத் தொழிலார் 'கூகுள் டான்ஸ்' என்று பெயரிட்டனர். பின்னர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புயலுக்குப் பெயர் வைப்பதுபோல் கசாண்ட்ரா, டொமினிக், எஸ்மரெல்டா, ஃபிரிட்ஸ் என்று ஆங்கில அகரவரிசையில் பெயர் வைக்கும் வழக்கம் வந்தது. 2003 நவம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் தறுவாயில் இறங்கிய ஃபுளோரிடா, ஒரே கீவேர்டைப் பக்கமெங்கும் திணித்துப் பிழைத்துவந்த கடைகளை முதல் பக்கத்திலிருந்து துடைத்தெறிந்தது. அக்காலத்தில் சான் ஹோசே நகரில் நடந்த தேடுபொறி மாநாட்டுக்கு வந்தவர்களைக் கூகுள் தன் மவுன்டன் வியூ வளாகத்துக்கு அழைத்து விருந்தும் வைத்தது. அவ்விருந்துக்கும் 'கூகுள் டான்ஸ்' என்றே பெயர். தூக்கத்தைக் கெடுத்த நிகழ்வுக்கும் சாப்பாடு போட்ட நிகழ்வுக்கும் ஒரே பெயர் வழங்கியும் ஒருவரும் ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் பொறியாளர்களைப் பார்த்துப் பேசலாம் என்பதே அதற்குப் போதிய காரணம்.

அடுத்து வந்தது விலங்கியற் காலம். தரங்குறைந்த பக்கங்களைக் கீழே தள்ளிய 2011ஆம் ஆண்டு மாற்றத்துக்குப் பாண்டா என்ற பெயர் வந்தது கரடியால் அன்று, நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரால். ஆயினும் அதற்குள் துறையினர் கரடிப் படத்தோடு ஸ்லைடு தயாரித்துவிட்டபடியால், 2012இல் விலைக்கு வாங்கிய லிங்க்குகளைத் தண்டித்த மாற்றம் பெங்குவின் ஆயிற்று. தொடர்ந்து ஹம்மிங்பேர்டும் புறாவும் பறந்து வந்தன. 2017இல் பெயர் கேட்டு நச்சரித்தவர்களிடம் கூகுளின் கேரி இலியஸ், இனிப் பெயரில்லாத அப்டேட் எல்லாமே ஃபிரெட்தான் என்று வேடிக்கையாகச் சொல்லி வைத்தார். உடனே ஃபிரெட் யாரைத் தண்டிக்கிறது, ஃபிரெட்டின் பிடியிலிருந்து மீள்வது எப்படி என்று விருத்தியுரைகள் எழுந்தன. 2018 ஆகஸ்டில் மருத்துவத் தளங்கள் பல சரிந்ததைக் கண்டு துறைச் செய்தியாளர் பேரி ஷ்வார்ட்ஸ் 'மெடிக்' என்று பெயர் சூட்ட, இது மருத்துவத்தைக் குறிவைத்தது அன்று, எல்லாருக்கும் பொதுவானது என்று கூகுள் சொல்லியும் பெயரே நிலைத்தது. இன்று இத்தகைய பெருமாற்றங்களைக் கூகுள் தானே முந்திக்கொண்டு 'மார்ச் 2024 கோர் அப்டேட்' என்று மாதத்தையும் ஆண்டையும் மட்டும் போட்டு அறிவித்துவிடுகிறது. இதனால் இலக்கியத்துக்கு நேர்ந்த இழப்பு பெரிது.

ஒரு கோர் அப்டேட் அறிவிக்கப்பட்ட நாளில் நிகழ்வன கூர்ந்து நோக்கத்தக்கவை. கூகுளின் நிலவரப் பலகையில் இரண்டு வரி அறிவிப்பு தோன்றும். மாற்றம் முழுமையாகப் பரவ இரண்டு வாரம்போல் ஆகும் என்று அது சொல்லும். (மேற்சொன்ன மார்ச் 2024 அப்டேட் 5ஆம் தேதி தொடங்கி ஏப்ரல் 19 வரை 45 நாள் நீடித்தது, அத்தனை நாளும் பலருக்குச் சோறு இறங்கவில்லை.) இரண்டு வரிக்கு மேல் செய்தி இல்லாததால் துறையினர் வெப்பமானியைப் பார்ப்பர். தேடல் முடிவுகள் ஒரே நாளில் எவ்வளவு புரண்டன என்பதை வானிலை அறிக்கையாகவே காட்டும் மாஸ்காஸ்ட் என்ற கருவி உண்டு; அமைதியான நாளுக்கு 70 டிகிரி ஃபாரன்ஹீட், புரளல் மிக மிக வெப்பமும் இடியும் கூடும். வெப்பம் ஏறியது என்றால் ஏதோ நடந்தது என்று பொருள். என்ன நடந்தது என்பதற்கு எந்தக் கருவியும் பொறுப்பேற்பதில்லை.

அதன் பின் ஸ்கிரீன்ஷாட் வரும். இச்சான்றாவணத்தின் வடிவம் உலகெங்கும் ஒன்றே: தேடலிலிருந்து தளத்துக்கு வரும் வருகையைக் காட்டும் சர்ச் கன்சோலின் நீலக்கோடு ஒன்று, இடப்பக்கம் தரையோடு படுத்திருந்து வலப்பக்கம் விருட்டென எழும், எழும் இடத்தில் சிவப்பு அம்பு, தளத்தின் பெயர் இருந்த இடம் மங்கலாக்கப்பட்டிருக்கும், அச்சில் நின்ற எண்கள் கத்தரிக்கப்பட்டிருக்கும். எண்ணில்லாத கோடு பத்திலிருந்து முப்பதுக்கு ஏறியதா, பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்கு ஏறியதா என்பதைப் பார்ப்பவர் தம் மனப்பக்குவத்துக்கு ஏற்பக் கொள்ள வேண்டும். கோடு கீழ்நோக்கி விழும் ஸ்கிரீன்ஷாட்டும் பகிரப்படுவதுண்டு. ஆனால் அது எப்போதும் 'எங்களிடம் வந்த' கிளையன்ட் ஒருவருடையதாகவே இருக்கும். இதே நேரத்தில் ஏஜென்சிகளில் தொலைபேசி ஒலிக்கும். "தம்பி, நேத்து வரைக்கும் முதல் பக்கத்துல இருந்தோமே, என்னாச்சு?" என்பது வினா. "சார், அப்டேட் ரோல்-அவுட் ஆகிட்டிருக்கு சார், முடியட்டும், பார்த்துடலாம்" என்பது விடை. இவ்விடை பொய்யன்று. மெய் என்று நிறுவவும் வழியில்லை.

மூலத்துக்கு நெருக்கமானவர்களிடம் கேட்கலாமே எனின், கேட்டனர். கூகுளின் வெப்ஸ்பாம் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த மாட் கட்ஸ் மாநாட்டுக்கு மாநாடு சூழப்பட்டார். அவருடைய வாயசைவிலிருந்தும் வாயசையாமையிலிருந்தும் பொருள் கொள்ளப்பட்டது. டேனி சல்லிவன் வரலாறு இன்னும் சுவையானது: 1996இல் தேடுபொறிகளைப் பற்றி எழுதத் தொடங்கி, 1999இல் இத்துறைக்கென மாநாடு கூட்டி, 2006இல் சர்ச் என்ஜின் லேண்ட் இதழைத் தொடங்கி, இருபது ஆண்டுக்கு மேல் உரையாசிரியராக இருந்தவர், 2017இல் கூகுளிலேயே வேலைக்குச் சேர்ந்து, துறையினர் கேட்கும் கேள்விகளுக்கு அந்நிறுவனத்தின் சார்பில் விடை சொல்பவரானார். உரை செய்தவரே மூலத்தின் வீட்டுத் திண்ணைக்குக் குடிபோயும் தெளிவு பிறந்துவிடவில்லை. கோர் அப்டேட்டில் விழுந்தவர்களுக்குக் கூகுள் 2019இல் தந்த விளக்கம் இது: 2015இல் சிறந்த 100 படங்களைப் பட்டியலிட்ட ஒருவர் சில ஆண்டு கழித்து அதைப் புதுப்பித்தால் சில படங்கள் கீழிறங்கும், அதனால் அவை மோசமான படங்கள் ஆகிவிடா. இதைக் கேட்டு ஆறுதல் அடைந்த தயாரிப்பாளர் எவரும் இலர்.

நிறுவ முடியாத அறிவுக்கு ஆளே சான்று. சொன்னவர் யார், அவரை யாருக்குத் தெரியும் என்பதைக் கொண்டே சொல்லின் எடை அளக்கப்படுகிறது. ஆகவே இத்துறையில் செய்தி வேறு, பழக்கம் வேறு அன்று. இதற்கு வரலாற்றுச் சான்று மதுக்கூடங்களில் கிடைக்கிறது. பப்கான் என்ற மாநாடு 2000இல் லண்டனின் ஒரு பப்பில் கூடிய சிறு குழுவிலிருந்து தோன்றியது. இன்று ஆயிரக்கணக்கானோர் திரளும் பிரைட்டன்எஸ்.இ.ஓ. 2010இல் பிரைட்டன் நகரின் பப் ஒன்றின் மாடியறையில் தொடங்கியது. மேடையில் ஸ்லைடு போட்டுச் சொல்லப்படுவது 'நல்ல உள்ளடக்கம் எழுதுங்கள்' என்ற பொதுவிதி. எந்த லிங்க்குக்கு என்ன விலை, எது இன்னும் செல்லுகிறது, எந்தத் தளம் ஏன் விழுந்தது என்ற சிறப்புவிதிகள் இரண்டாவது கோப்பைக்குப் பின் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவன. மேடையில் கேட்கும் எக்கேள்விக்கும் 'அது சூழலைப் பொறுத்தது' என்று விடையிறுப்பவரும் அங்கே சூழலைப் பொருட்படுத்தாமல் பேசுவார்.

இன்னுமொரு சான்று 2004இல் நடந்த போட்டி. 'நைக்ரிட்யூட் அல்ட்ராமரின்' என்ற, எங்கும் வழங்காத ஒரு பொருளற்ற தொடருக்கு யார் கூகுளில் முதலிடம் பிடிக்கிறார் என்பதே பந்தயம். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினர். வென்றவர் அனில் டாஷ் என்ற வலைப்பதிவர். அவர் செய்தது தம் வாசகர்களிடம் எனக்கு லிங்க் கொடுங்கள் என்று கேட்டதுதான். வித்தையைப் பழக்கம் வென்றது.

சமூகவியலார் இதை முன்பே கண்டனர். மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் அத்தெரிந்தவரை அடிக்கடி பார்த்து வந்தவர்கள் சுமார் 17 விழுக்காட்டினரே என்றும், மற்றவர்கள் எப்போதாவது பார்க்கும் அறிமுகத்தாலேயே வேலை பெற்றனர் என்றும் காட்டினார். உயிர்நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே. அரைகுறையாகத் தெரிந்தவனே புதிய செய்தி கொண்டுவருவான் என்பது அதன் கருத்து. ஃபுளோரிடா வீசிய அதே 2003ஆம் ஆண்டின் மே மாதத்தில் திறக்கப்பட்ட லிங்க்ட்இன் இவ்வரைகுறை அறிமுகத்தையே தொழிலாக்கிற்று. 2016இல் மைக்ரோசாஃப்ட் அதனை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2016இல் கூகுள், பக்கங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் காட்டிவந்த பேஜ்ரேங்க் பட்டையை அகற்றியது. பக்கத்தின் மதிப்பெண் மறைந்தபின்னும் ஆளின் மதிப்பெண் மறையவில்லை: லிங்க்ட்இன்னில் ஐந்நூறு தொடர்புகளைக் கடந்தவருக்கு '500+' என்று நிற்கிறது.

இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. நீ எனக்கு லிங்க் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன் என்று தளங்கள் அளவுமீறிச் செய்துகொள்ளும் பண்டமாற்றைக் கூகுள் மோசடி வகையில் வைத்திருக்கிறது. அதையே ஆட்கள் செய்தால் நாகரிகம். ஒருவர் மற்றவரின் 'லிங்க் பில்டிங்' திறமைக்கு எண்டார்ஸ்மென்ட் அளிப்பார். மாலைக்குள் அது திரும்பி வரும். அவர் பதிவு போட்டால் இவர் 'அருமை, மிகவும் பயனுள்ளது' என்பார். அது காலை 9 மணிக்கு ஒரு வாக்கியத்துக்கு ஒரு பத்தியாக இறங்கும் பதிவு என்பதால் படித்து முடிக்காமலேயே அவ்வாறு சொல்ல முடிகிறது. பெங்குவின் இவர்கள்மேல் பாய்ந்ததில்லை.

2024 மே மாத இறுதியில் எதிர்பாராதது நடந்தது: மூலம் கிடைத்தது. கூகுளின் உள்பயன்பாட்டுக்கான ஆவணங்கள் தவறுதலாக வெளியாகி, துறையினரான ராண்ட் ஃபிஷ்கினும் மைக் கிங்கும் அவற்றை ஆராய்ந்து எழுதினர். 14,000க்கும் மேற்பட்ட பண்புக்கூறுகள் அவற்றில் இருந்தன. ஆவணங்கள் தன்னுடையவைதாம் என்று கூகுளும் ஒப்புக்கொண்டு, சூழல் தெரியாமல் பொருள் கொள்ளாதீர் என்று எச்சரித்தது. தளத்துக்கென்று ஒட்டுமொத்த மதிப்பெண் எதுவும் இல்லை என்று பலகாலம் சொல்லக் கேட்டிருந்தவர்கள், 'சைட் அத்தாரிட்டி' என்ற பெயரையே அங்கே கண்டனர். எது எவ்வளவு எடை பெறும், எது இன்றும் வழக்கில் உள்ளது என்பது மட்டும் எங்கும் இல்லை. உப்பு, புளி, மிளகாய் என்று பெயர்களை எழுதி அளவை விட்டுவிட்ட சமையல் குறிப்பாக அது இருந்தது. விளைவு, ஒரே வாரத்தில் உரைகள் முன்னிலும் பல்கின. யாருடைய உரை சரி என்பதற்கு மீண்டும் யாரை யாருக்குத் தெரியும் என்பதே அளவுகோலாயிற்று. மூலம் கிடைப்பதால் உரையாசிரியருக்கு வேலை போய்விடும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பது இதனால் பெறப்படும்.

அதே மே மாதத்தில் கூகுள், தேடலுக்கு விடையைத் தானே எழுதிக் காட்டும் ஏ.ஐ. ஓவர்வியூஸ் வசதியை அமெரிக்காவில் திறந்தது. எஸ்.இ.ஓ. செத்துவிட்டது என்ற அறிவிப்பு வழக்கம்போல் வெளியிடப்பட்டது. அறிவித்தவர்களில் பலர் தம்மை இப்போது, ஏ.ஐ. எழுதும் விடையில் இடம்பிடித்துத் தரும் ஜி.இ.ஓ. நிபுணர் என்றும் ஏ.இ.ஓ. நிபுணர் என்றும் குறித்துக்கொள்கின்றனர். பெயர் எதுவாயினும் செய்யும் வேலை பெரும்பாலும் பழையதே, கேட்கும் கிளையன்ட்டும் பழையவரே. ஆகவே இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், அடுத்த மாநாட்டுக்குப் புறப்படுமுன் விசிட்டிங் கார்டு அடிக்கும்போது பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிதாகப் போட்டு, பட்டத்துக்குரிய வரியை வெற்றிடமாக விட்டு, நூறு கார்டோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.