தீப்பெட்டிப் படத்துக்கு என்ன விலை?

குளத்தூரில் நாங்கள் பையன்களாக இருந்தபோது தீப்பெட்டிப் படத்துக்குத் தீர்ந்த விலை உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் மேலத்தெருவும் கீழத்தெருவும் அந்த விலையை மீறியதில்லை. கோவில்பட்டிப் படமோ சிவகாசிப் படமோ எதுவானாலும் மதிப்பு ஒன்று. தூத்துக்குடி சாலையில் உப்பு ஏற்றப் போகும் வடக்கத்தி லாரிக்காரர்கள் வீசிவிட்டுப் போகும் பெட்டியில் வேற்று எழுத்தில் பெயர் இருந்தால் பத்து. கிழியாமல், தண்ணீரில் நனைத்துப் பதமாக உரித்த படம் என்றால் அதற்கு மேல் ஐந்து. தரையில் வட்டம் போட்டுப் படங்களை அடுக்கி, கோட்டுக்கு வெளியே நின்று சில்லால் அடிப்போம். வட்டத்தைத் தாண்டி விழுந்தது அடித்தவனுக்கு. ஆட்டத்தில் தோற்றவன்கூட விலையில் தகராறு செய்ததில்லை.

எங்கள் ஊர்ப் படம் ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு மண்ணைத்தான் காரணம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் கம்பும் போடும் கரிசல் பூமி. மழை தவறினால் அடுத்த மழைவரை கைக்கு வேலை கிடையாது. அந்தக் கைகளை நம்பித்தான் தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட்டது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வேலை சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கமெல்லாம் பரவியது. வறண்ட காற்றில் குச்சி சீக்கிரம் காயும் என்பது இன்னொரு வசதி. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதற்காக அச்சகம் வந்தது. வடநாட்டு வியாபாரி ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு மார்க் வேண்டியிருந்ததால் ஒரே தீப்பெட்டி ஆபீசிலிருந்து பல பெயரில், பல படத்தில் பெட்டிகள் போயின. மயில், கப்பல், சாவி, தாமரை, சினிமா நடிகர், ஆகாய விமானம் என்று உலகத்தில் உள்ளதெல்லாம் இரண்டு விரல் அகலக் காகிதத்தில் வந்துவிட்டது.

கோவில்பட்டியில் வாக்கப்பட்டிருந்த என் அத்தை ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும், வீட்டில் பெட்டி ஒட்டவும் செய்தாள். திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது அச்சுப் பிசகிய லேபிள்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவாள். சிவப்பு விலகிப் போய் மயிலுக்கு இரண்டு கழுத்து இருக்கும். எங்கள் சந்தையில் அவற்றுக்கு மதிப்பே கிடையாது. ஒட்டாத லேபிள் செல்லாது என்பது விதி. அந்தப் பையை நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம் அத்தை கொடுத்தாள் என்பதுதான்.

இன்று அந்த இரண்டு கழுத்து மயிலுக்குத்தான் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தீப்பெட்டி லேபிள் சேகரிப்பு உலகம் முழுக்க உள்ள பழக்கம். இந்தியாவுக்கென்று ஸ்வீடனிலும் ஜப்பானிலும் அச்சான சாமி படங்கள், சுதந்திரத்துக்கு முந்தைய படங்கள், வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியைச் சுற்றி ஒட்டிய காகிதப் பட்டை அறுபடாமல் இருக்கும் பெட்டிகள் ஆகியவற்றைத் தேடி அலைபவர்கள் உண்டு. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்ததால் அந்தப் பட்டையை வைத்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். இந்த லேபிள்களுக்காகச் சென்னையின் தாரா பதிப்பகம் ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. கோவில்பட்டியில் இருக்கும் என் அக்கா மகன்தான் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இத ஆன்லைன்ல போடுவோம். ஏலத்துல விடவா, வெல வச்சுப் போடவா, சொல்லுங்க" என்றான்.

அவனுக்கு அது ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுக்கிற விஷயம். நான் ஏலத்தோடு வளர்ந்தவன்.

எங்கள் பக்கம் கண்மாய்க் கருவேல மரம் ஏலம் போகும். வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வியாபாரிகள் வருவார்கள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று குரல் எழும்போது கூட்டம் திருவிழா மாதிரி நிற்கும். ஆனால் பல ஏலங்கள் அதற்கு முன்பே வேப்பமரத்தடியில் முடிந்துவிட்டிருக்கும். ஒருத்தர் கேட்பார், மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பிறகு தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். கண்மாயில் நூறு பேர் நின்றாலும் கேட்பவர் ஒருவர் என்றால் அது ஏலமாகாது என்பதை அங்கே நின்ற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மிளகாய் வத்தல் கதை இன்னும் கொடுமை. விதைப்புக்கு முன்பே கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியாகிவிடும். வத்தல் தாட்டைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளுவார், நிறம் வெளுத்ததைத் தனியே எடுத்துக் காட்டுவார், ஒரு விலை சொல்வார். அதுதான் விலை. இதை மாற்றத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1933லேயே அதற்குச் சட்டம் உண்டு. அங்கே மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரிகள் ஒருவர் கேட்ட விலை இன்னொருவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதிப் போடுவார்கள். அதிகம் எழுதியவர் எடுக்கலாம், அந்த விலையும் கட்டாது என்றால் விவசாயி மூட்டையைத் திருப்பிக்கொண்டு போகலாம். வேப்பமரத்தடிப் பேச்சுக்கு அதில் இடம் குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் திருப்பிக்கொண்டு போகிற உரிமை யாருக்கு உதவும்? வீட்டில் அடுத்த மாதம்வரை அரிசி இருப்பவனுக்கு. கடன்காரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கட்டாது என்று சொல்ல வாய் வராது. என் அய்யா அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இணையச் சந்தையின் தொடக்கமும் ஏலம்தான். 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் ஏல வலைத்தளமாகத் தொடங்கியதுதான் பிறகு ஈபே ஆனது. 2000இல் அதில் ஏலத்தோடு, சொன்ன விலைக்கு உடனே வாங்கும் வசதியும் சேர்ந்தது. இந்தியாவில் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு ஈபே இன்றும் இருக்கிறது. உள்நாட்டில் சேகரிப்பாளர்கள் வாட்ஸாப்பில் ஏலம் நடத்துகிறார்கள். படத்தைப் போட்டு, தொடக்க விலை சொல்லி, இரவு இத்தனை மணிக்கு முடிகிறது என்று அறிவிப்பார்கள். கடைசி நிமிடம்வரை ஆளே இருக்காது, பிறகு மடமடவென்று விலை ஏறும்.

ஈபேயில் ஏலம் வேலை செய்யும் விதத்தை விற்கிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குகிறவர் தன்னால் முடிந்த உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். மற்றவர் கேட்கக் கேட்க, தேவையான அளவுக்கு மட்டும் இயந்திரம் அவருக்காக ஏற்றும். ஒரு லேபிளுக்கு ஒருவர் 900 ரூபாய் தரத் தயார், இன்னொருவர் 700, மூன்றாமவர் 200 என்று வையுங்கள். முடிவில் அது 700க்குக் கொஞ்சம் மேலே போகும். அந்த 700 ரூபாய்க்காரருக்கு அன்று இரவு காய்ச்சல் என்றால் 200க்குக் கொஞ்சம் மேலே போய்விடும். 900 ரூபாய்க்காரர் அங்கேதான் இருந்தார், பணமும் இருந்தது, ஆனாலும் விற்கிறவருக்குக் கிடைப்பது 200 சொச்சம். விலையைத் தீர்மானிக்கிறவர் தோற்றுப்போகிற இரண்டாமவர். வில்லியம் விக்ரி 1961இல் இந்த மாதிரி ஏலத்தைக் கணக்காக எழுதினார், 1996இல் நோபல் பரிசு பெற்றார். கண்மாய்க்கரையில் கூடி நின்ற வியாபாரிகளுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தானே இரண்டாமவரை வாய் திறக்கவிடாமல் செய்தார்கள்.

ஆகவே மருமகனிடம் நான் சொன்னது இதுதான். இரண்டு பேராவது ஒரே நேரத்தில் ஆசைப்படுவார்கள் என்று உறுதியாகத் தெரிகிற சரக்கை ஏலத்தில் விடு. பலரும் தேடுகிற சினிமா நடிகர் படம், வரிப்பட்டை அறுபடாத பழைய பெட்டி, என்ன விலை பெறும் என்று நமக்கே பிடிபடாத அபூர்வமான படம் ஆகியவை அந்த ரகம். நாம் குறைத்து மதிப்பிட்டிருந்தாலும் ஆசைப்படுகிறவர்கள் சரிசெய்துவிடுவார்கள். நம்மிடம் ஒரே படத்தில் பத்துப் பிரதி இருந்தால் விலை வைத்துப் போடு. பத்தையும் அடுத்தடுத்து ஏலம் விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அச்சுப் பிசகு மாதிரி வருஷத்தில் எப்போதாவது ஒருவர் தேடி வருகிற சரக்குக்கும் விலைதான் சரி. அவர் வருகிறவரை அது அங்கே கிடக்க வேண்டும். ஏழு நாள் ஏலத்தில் அவர் எட்டாம் நாள் வந்தால் என்ன செய்வது?

"அதுவரைக்கும் சும்மா கெடக்கட்டுமா மாமா?"

"கெடக்கட்டும். சோறா போடணும் அதுக்கு?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. எங்கள் அய்யாவுக்கு வாய்க்காத ஒன்றை இந்தப் பிள்ளை எந்த யோசனையும் இல்லாமல் செய்ய முடிகிறது. காத்திருக்க முடிகிறது. வத்தல் காத்திருந்தால் நிறம் போகும், வண்டு விழும், வட்டி ஏறும். காகிதத்தை ஈரம் படாமல் பாலிதீன் உறையில் வைத்தால் வருஷம் போகப் போக விலை கூடினாலும் கூடும். அடுத்த வேளைச் சோற்றுக்கு விற்காதவர்தான் விலையைத் தானே சொல்ல முடியும். ஏலமா விலையா என்று அலசுகிற எல்லோரும் கட்டணம், படம் எடுக்கும் விதம், ஞாயிற்றுக்கிழமை இரவு முடிகிற மாதிரி வைப்பது என்றெல்லாம் பேசுகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் விற்கிறவரின் அடுப்பு எப்படி எரிகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

விலையைத் தானே வைத்தால் மட்டும் விற்கிறவர் கை ஓங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. தீப்பெட்டியையே பாருங்கள். 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் ஒரே விலை. பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, காகிதம் எல்லாம் ஏறின. பெட்டி ஒரு ரூபாயிலேயே நின்றது. சில்லறைக் காசுக்குக் கட்டுப்பட்ட விலை அது. ஒரு ரூபாய் பத்துக் காசு என்று எந்தப் பெட்டிக்கடையில் கேட்க முடியும்? கடைசியில் தொழில் அமைப்புகள் ஐந்து சிவகாசியில் கூடிப் பேசி, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் என்று முடிவுசெய்தன. அறுநூறு பெட்டி கொண்ட பண்டல் 270, 300 ரூபாயிலிருந்து 430, 480க்குப் போனது. நடுவே போன அந்த வருஷங்களில் கட்டை அடுக்கியவர்களின் கூலி எந்த அளவுக்கு ஏறியிருக்கும் என்பதற்கு அத்தையின் விரல் நுனியைப் பார்த்தால் போதும், கேட்க வேண்டாம். அதற்கு முந்திய காலத்தில் விடியுமுன் கிராமங்களுக்கு வந்த கம்பெனி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப் போன பிள்ளைகளைப் பற்றி எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படம் எடுத்தார். லேபிள் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கழுத்து மயிலுக்கு என்ன விலை போடலாம் என்ற பேச்சு வந்தபோது அத்தையிடம் கேட்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. கோவில்பட்டிக்குப் போனோம். மருமகன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தெரியாத விவரமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். இந்தப் பிசகு ஒரே ஒரு நாள் வந்தது, மறுநாளே அச்சுக் கல்லை மாற்றிவிட்டார்கள், மிச்சத்தை அடுப்பில் போடச் சொன்னார்கள், அடுப்பில் போடாமல் எடுத்து வந்தவர்கள் சிலர்தான். இதையெல்லாம் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்று மருமகன் அவசரமாகக் குறித்துக்கொண்டான்.

"அத்த, நீங்களே ஒரு வெல சொல்லுங்க" என்றேன்.

"பண்டல் என்ன வெலக்கிப் போகுது இப்ப?"

சொன்னேன்.

"அப்ப ஐநூறு போடு. கொறச்சுக் கேட்டா குடுக்க வேண்டாம்."

ஒரு பண்டலை விட இருபது ரூபாய் கூடுதல். விலை பேசலாம் என்ற வசதியை மருமகன் எடுத்துவிட்டான். அத்தை சொன்ன விவரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேபிளின் முன்பக்கம், பின்பக்கம், மூலை நான்கு என்று படம் எடுத்துப் போட்டிருக்கிறான். பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு 2025இல் சேர்த்துவிட்டதால் தபால் செலவைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இரண்டு பேர் முந்நூறுக்குக் கேட்டிருக்கிறார்கள். அத்தையிடம் சொன்னோம், கூடாது என்றாள். அது இன்னும் விற்கவில்லை.